வந்த காரணம்

பதிவேட்டில் அந்தக் கட்டம்
ஒரு விரல் அகலம்.
டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்:
"வலி எண்டு எழுதுங்கோ மிஸ், காணும்."
நானும் எழுதுகிறேன்.
வலி. வலி. மேற்படி. மேற்படி.

செவ்வாய்க்கு இருபது துண்டுதான்.
களுவாஞ்சிக்குடிச் சனம் இருட்டோடு வந்து நின்றுவிடும்.
மண்டூரிலிருந்து ஆறரைப் பாதையில்
வாவி கடந்து வருகிறவர்களுக்கு
பதினைந்துக்குப் பிறகுதான் கிடைக்கும்.
நானும் அதே பாதையில்தான் வருகிறேன்.
என்றாலும் துண்டை முன்னால் தர முடியாது.

வேலாப்போடிக்குப் பதினேழு.
பெரும்போக விதைப்பில் தொடங்கியதாம்.
கராம்பு வைத்தார், உப்பு வைத்தார்,
சாராயத்தில் நனைத்த பஞ்சு வைத்தார்.
"பஞ்சை வெச்சதை விட விழுங்கினதுதான் கூட,"
என்றார், வீங்கிய பக்கத்தைப் பொத்திக்கொண்டு.
அப்ப ஏன் வரல்ல?
"காவல் இருந்ததே மிஸ்.
ராவில யானை இறங்குற வட்டை.
பரண்ல இருந்தவனெல்லாம் கண்ணயந்து போனான்.
நான் மட்டும் முழிப்பு.
பொய் சொல்லப்படாது,
இந்தப் பல்லுதான் என்ர வயலைக் காத்தது.
இப்ப வெட்டியாச்சு, வித்தாச்சு,
உரக் கடைக்காரனுக்கும் குடுத்தாச்சு.
இனி இதுக்கு வேலை இல்ல."

எழுதினேன்: வலி.

மருதமுனை உதுமாலெப்பைக்கு வலியே இல்லை.
முன்பல் இரண்டும் போன வருஷம் போயின.
"ஓதக்குள்ள ஸீன் நிக்குதில்ல மகள்,
காத்தாப் போகுது.
அல்லாஹ்வுக்கு விளங்கும்தான்.
எனக்கு ஒரு மாதிரி இரிக்கி."
கட்டுப்பல் இங்கே செய்வதில்லை.
கடிதம் வாங்கி
இரண்டாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர்
திரும்ப எடுத்து நாலாய் மடித்தார்.

பத்தொன்பதாம் துண்டுக்காரர்
உள்ளே மெசின் இரைந்ததும் எழும்பி வந்து
வலி நின்றுவிட்டது என்று
துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
காரணத்தில் அதற்கும் இடமில்லை.

பூரணவல்லி வாயைத் திறக்காமலே
கனநேரம் வாங்கில் இருந்தாள்.
"நோகல்ல கா," என்றாள் கடைசியில்,
"அதான் வந்த."
கன்னத்துக்குள் வெள்ளையாய் ஓரிடம்,
தேங்காய்ப்பூ ஒட்டினதுபோல,
எத்தனை தரம் கொப்பளித்தும் கழுவுப்படாமல்.
பக்கத்து வளவுக்காரிக்கும்
இப்படித்தானாம், நோகாமல்தானாம்.
மட்டக்களப்புக்கு அனுப்பச் சொல்லி எழுதினார் டொக்டர்.
வெளியே வந்தவள்
இடுப்புச் சீலையிலிருந்து
வெற்றிலைப் பையை அவிழ்த்து
"இதை நீ வெச்சிரு புள்ள," என்றாள்.
லாச்சிக்குள் பேனைகளோடு கிடக்கிறது.
திறக்கும்போதெல்லாம் புகையிலை மணக்கிறது.

எனக்கும் இடப்பக்கக் கடைவாய்.
எட்டு மாதமாகிறது.
கதவுக்குப் பக்கத்திலேயே கதிரை இருந்தால்
தள்ளிப்போடுவது இன்னும் லேசு.

பிடுங்கின பல்லைக் காட்டச் சொல்லி
வேலாப்போடி பிடிவாதமாய் நின்றார்.
தாதி தட்டைத் தூக்கிக் காட்டினாள்.
மூன்று வேர், ஒரு கறுத்த துவாரம்.
பஞ்சைக் கடித்தபடி பேச முடியாமல்
விரல் நுனியை அளந்து காட்டினார்:
இவ்வளவுதானா?

பின்னேரப் பாதையில் அவரும் நானும்.
யாரோ ஏற்றின உர மூட்டையில் இருந்தார்,
சைக்கிள் கம்பியில் தலையை வைத்து.
நடு வாவியில் பார்த்தேன்:
வாய் கொஞ்சம் திறந்து, பஞ்சு சிவந்து,
நித்திரை.
காற்று சாரனைத் தூக்கி அடித்தது.
அசையவில்லை.

பாதை கரையில் முட்டியது.
மோட்டார் சைக்கிள்கள் இறங்கின,
பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள்.
எழுப்பவா என்று நான் கையைக் காட்ட,
பாதைக்காரன் தலையாட்டி மறுத்தான்.
ஒரு நடை அங்கால போய்
மறுகா வரட்டும்.